மனுவில் நான் கையெழுத்துப் போடாததற்குக் காரணம்

அன்புள்ள தம்பிக்கு,

அரசாங்கப் படிவங்களில் 'இனம்' என்ற கட்டமே இருக்கக் கூடாது என்று மனு எழுதி, என் கையெழுத்தையும் கேட்டிருந்தாய். நான் இன்னும் போடவில்லை. கோபித்துக்கொள்ளாமல் படி.

அந்தக் கட்டம் எனக்கும் ஆகாது. ஒருமுறை கவுண்டரில் இருந்தவர், நான் எழுதியதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு மேலே 'மற்றவை' என்று எழுதினார். தலை நிமிரக்கூட இல்லை. அந்தக் கோடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ருவாண்டாவைச் சொல்லியிருக்கிறாய். சரிதான். 1930களில் அங்கே இருந்த பெல்ஜியக் காலனி ஆட்சி ஹூட்டு, டுட்சி, ட்வா என்று அவரவர் இனத்தை அடையாள அட்டையிலேயே பதிந்து கொடுத்தது. 1994இல் டுட்சி மக்களைக் கொன்று குவித்தபோது, சாலைத் தடுப்புகளில் கத்தியோடு நின்றவர்கள் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். படுகொலைக்குப் பிறகு வந்த அரசு அந்த வரியை எடுத்துவிட்டது.

ஆனால் பிரான்ஸில் என்ன நடக்கிறது? குடிமக்களை இனவாரியாகக் கணக்கெடுப்பதில்லை. தகவல் சேகரிப்பதற்கே 1978ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையான தடை போட்டிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலை கிடைக்காதவன் 'என்னை ஒதுக்குகிறார்கள்' என்று புகார் சொன்னால், காட்டுவதற்குக் கணக்கு எங்கே? ஆய்வாளர்கள் ஒரே படிப்பு, ஒரே அனுபவம், பெயர் மட்டும் வேறாக இரண்டு விண்ணப்பங்களை அனுப்பி, யாருக்கு அழைப்பு வருகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. பெயரை வைத்தே ஒதுக்குகிறவனுக்குக் கட்டம் எதற்கு, சொல்!

ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்க அமெரிக்கக் கணக்கெடுப்பு 2000இல்தான் இடம் கொடுத்தது. அதுவரை கலப்பு வீட்டுப் பிள்ளை அப்பாவா அம்மாவா என்று ஒருவரை விட்டுக்கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் 2011 முதல் இரண்டையும் சேர்த்துப் பதியலாம். ஆனால் அரசு அடுக்குமாடி வீடுகளில் எந்த இனத்தார் எவ்வளவு இருக்கலாம் என்று 1989இல் வந்த ஒதுக்கீட்டுக்கு, முதலில் எழுதிய இனம்தான் கணக்கு. எதை முன்னால் போடுவது என்று அந்த வீட்டில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

என்னை எண்ணட்டும், தம்பி. எண்ணினால்தான் கேட்கவும் முடியும். சட்டைப்பையில் சுமக்க வைப்பதுதான் எனக்குப் பயம். அதனால் மனுவை இப்படி மாற்று: அட்டையில் இனம் வேண்டாம், பெயர் சேராத கணக்கெடுப்பில் இருக்கட்டும், அதையும் அவரவரே எழுதட்டும், விருப்பமில்லாதவர் காலியாக விடட்டும், அலுவலர் அதில் கைவைக்கக் கூடாது.

திருத்தி அனுப்பு. அன்றைக்கே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

அன்புடன்,
அக்கா