தீர்த்தன் ஆற்றுப் பயணம் குறித்து எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

ஹிமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்திலுள்ள தீர்த்தன் பள்ளத்தாக்கிற்குக் கோவையிலிருந்து தம்பதியரை மட்டும் அழைத்துச் செல்லும் எங்கள் ஃப்ளை ஃபிஷிங் (பூச்சி போன்ற செயற்கை இரையை வீசி மீன்பிடித்தல்) பயணத்தைப் பற்றிய புகார் ஒன்று சென்ற மாதம் முதல் வாட்ஸ்அப்பில் சுற்றி வருகிறது. மூன்று நாளும் ஆற்றில் நின்ற கணவருக்கு ஒரு மீனும் சிக்கவில்லை, மனைவிக்குச் சிக்கிய ஒரே மீனையும் வழிகாட்டி ஆற்றிலேயே விடச் சொல்லிவிட்டார், ஆகவே மீனில்லாத ஆற்றைக் காட்டிப் பணம் பறிக்கிறார்கள் என்பது அதன் சாரம். அறையைப் பற்றியோ உணவைப் பற்றியோ யார் குறை சொன்னாலும் கேட்டுத் திருத்திக்கொள்வோம். ஆனால் மீனில்லாத ஆறு என்ற பேச்சு எங்களைப் பெரிதும் புண்படுத்தியிருப்பதால், அதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

குல்லுவின் ஆறுகளில் பிரவுன் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் 1909-ஆம் ஆண்டளவில் காஷ்மீரிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. இன்று தீர்த்தனில் அதனுடன் ரெயின்போ டிரவுட்டும் இருக்கிறது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள் பிறந்து வருவதால், குஷைனி கிராமம் வரையிலும் தண்ணீர் குளிர்ந்தும் பளிங்குபோலத் தெளிந்தும் ஓடுகிறது. அந்தத் தெளிவே மீன்பிடிப்பைக் கடினமாக்குகிறது. டிரவுட் பெரும்பாலும் ஒரு கல்லை ஒட்டி, நீர் வரும் திசையை நோக்கி நின்றபடி, ஓட்டத்தில் மிதந்து வரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். நம் நிழல் நீரில் விழுந்தாலோ, கரையில் ஒரு கல் உருண்டாலோ அடுத்த நொடி அது மறைந்துவிடும். ஃப்ளை எனும் அந்தச் செயற்கைப் பூச்சி சரியான இடத்தில் விழுந்தாலும், லைனின் (தூண்டில் கயிற்றின்) இழுப்பில் அது ஓட்டத்தைவிடச் சற்று வேகமாக நகர்ந்தால் மீன் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒருவர் வீசும்போது மற்றவர் மேட்டில் மறைந்து நின்று மீன் இருக்குமிடத்தைச் சொல்ல முடியும் என்பதால்தான் இப்பயணத்தையே இருவருக்கென்று அமைத்தோம்.

மீனை விடச் சொன்னதும் எங்கள் கஞ்சத்தனம் அன்று. மாநில மீன்வளத் துறை உரிமம் தரும்போதே பிடிக்கும் மீனின் அளவுக்கும் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கிறது. அந்த அம்மையார் பிடித்தது ஒரு சாணுக்குச் சற்றே கூடுதலான இளம் மீன். கையை நனைத்துக்கொண்டு, நீருக்குள்ளேயே தூண்டில் முள்ளைக் கழற்றி விட்டால் மேல்தோலின் வழுவழுப்புக் கெடாமல் அது பிழைத்துக்கொள்ளும். உண்ண விரும்புவோருக்குப் பள்ளத்தாக்கின் பண்ணைத் தொட்டிகளில் வளர்த்த டிரவுட்டை இரவு உணவில் எப்போதும் பரிமாறுகிறோம், அவர்களுக்கும் பரிமாறினோம். பிரவுன் டிரவுட் முட்டையிடும் காலமான நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு மூடப்படும். டிசம்பர் விடுமுறையில் கூடுதல் பணம் தருகிறோம் என்று கேட்போரையும் மறுத்தே வருகிறோம்.

2023 ஜூலை வெள்ளத்தில் குல்லுவின் சாலைகள் அடித்துச் செல்லப்பட்டுப் பயணங்கள் நின்றபோது, கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்காமல், "அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்ன குடும்பங்களை நாங்கள் மறக்கவில்லை. அந்த நம்பிக்கைதான் இத்தொழிலை இன்றளவும் தாங்கி நிற்கிறது. இப்போதும் புகாரைப் படித்தவுடன் நம்பிவிடாமல் எங்களிடமே விளக்கம் கேட்ட ஒவ்வொருவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி.

வரும் பருவம் மார்ச் 1 அன்று தொடங்குகிறது. தமிழ் பேசும் எங்கள் வழிகாட்டி பணியிலிருந்து விலகியுள்ளதால் இனி ஆற்றில் ஹிந்தியில் மட்டுமே வழிகாட்டப்படும் என்பதையும், தம்பதியருக்கான கட்டணம் 6,000 ரூபாய் உயர்கிறது என்பதையும் தெரிவித்துக்கொள்கிறோம். பனி உருகி ஆறு கலங்குவதற்கு முன், ஏப்ரல் மாதத்திற்குள் வருவது நல்லது. பச்சை, பழுப்பு போன்ற மங்கிய நிற உடைகளையும், ஈரப் பாறையில் வழுக்காத காலணிகளையும் மறவாமல் எடுத்துவர வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
உரிமையாளர்கள்,
கோயம்புத்தூர்