கொசுறு என்றே எழுதுங்கள்: ஆங்கிலம்–தமிழ் அகராதி தொகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அகராதியாளர்களே,

வணக்கம். நாங்கள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்ப்பவர்கள். 'லான்யாப்' (lagniappe) என்ற ஆங்கிலச் சொல் உங்கள் தொகுப்பில் ஏறும்போது 'இலவசப் பரிசு', 'கூடுதல் சலுகை' என்று பொருள் போட்டுவிடாதீர்கள். கொசுறு என்று எழுதுங்கள், அதையும் முதல் பொருளாக.

அமெரிக்காவின் லூசியானாவில், குறிப்பாக நியூ ஆர்லியன்ஸில் புழங்கும் சொல் இது. ஆனால் வேர் இருப்பது தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில். அங்கே பேசப்படும் கெச்சுவா மொழியில் 'யாபா' என்றால் மேலே போட்டுக் கொடுப்பது. பெரு, பொலிவியா சந்தைகளில் இன்றும் அப்படித்தான் கேட்கிறார்கள். ஸ்பானியர் வாயில் அது 'லா ஞாபா' ஆனது. 1760கள் முதல் 1803 வரை லூசியானா ஸ்பெயின் வசம் இருந்தாலும் ஊரார் பேசியது பிரெஞ்சு. காதில் விழுந்ததைப் பிரெஞ்சு முறைப்படி எழுதியபோது ஞகர ஒலிக்கு ஜி, என் என்ற இரண்டு எழுத்துகள் வந்தன. ஆங்கில 'தி' போல முன்னால் நின்ற 'லா'வும் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. பல்லியைக் குறிக்கும் ஸ்பானிய 'எல் லகார்த்தோ', 'அலிகேட்டர்' ஆனதும் இதே போல்தான். எழுத்தை மட்டும் பார்த்து 'லாக்னியாப்பே' என்று ஒலிபெயர்ப்பது பிழை. ஜி ஒலிக்காது.

அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் 1883இல் மிசிசிப்பி ஆற்றைப் பற்றி எழுதிய நூலில் இச்சொல்லைக் கொண்டாடியிருக்கிறார். சாமான் வாங்கி முடித்தவர் லான்யாப் கேட்பார். கடைக்காரர் குழந்தைக்கு அதிமதுர வேர்த் துண்டு தருவார், வேலையாளுக்கு ஒரு மலிவுச் சுருட்டோ நூல்கண்டோ தருவார். நம் காய்கறிக் கடையில் காசு கைமாறிய பிறகு தராசில் ஏறாமல் பைக்குள் விழும் கறிவேப்பிலைக் கொத்தும், பூக்காரம்மா முழம் போட்டபின் விட்டுத் தரும் நாலு விரற்கடைப் பூவும் இதுவேதான். தெலுங்கிலும் 'கொசரு' உண்டு.

நெருங்கிய சொற்களோடு குழப்பம் வருவது இங்கேதான். தள்ளுபடியில் விலை குறையும். கொசுறில் விலை அப்படியே நிற்கும். எதுவும் வாங்காமலே கிடைப்பது இனாம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது அறிவித்த வாக்கு. தராவிட்டால் சண்டை போடலாம். கொசுறை உரிமையோடு கேட்கலாம், வழக்காட முடியாது. பன்னிரண்டு ரொட்டிக்குப் பதின்மூன்றாகக் கொடுத்த இங்கிலாந்து ரொட்டிக்காரர்களின் 'பேக்கர்ஸ் டஜன்' கூட முழுக்கப் பொருந்தாது. எடை குறைந்தால் வரும் தண்டனைக்கு அஞ்சிச் சேர்த்தது அது என்பதே வழக்கமான விளக்கம்.

கடைத்தெருச் சொல் அகராதிக்கு ஆகாது என்ற தயக்கம் வேண்டாம். எதிர்பாராமல் கூடுதலாகக் கிடைக்கும் எதற்கும் லான்யாப் என்ற பொருள் விரிந்தது. நியூ ஆர்லியன்ஸ் நாளிதழ் ஒன்றின் கேளிக்கை இணைப்புக்கே அந்தப் பெயர் வைத்தார்கள். நம் இதழ்களில் 'கொசுறுச் செய்தி' வருகிறதே, அதே விரிவு.

பதிவு இப்படி இருக்கலாம்:

லான்யாப், பெயர்ச்சொல், லூசியானா வழக்கு. 1. கொசுறு: வாங்கியவருக்கு விற்றவர் அளவுக்கு மேல், விலை பெறாமல் தரும் சிறு பொருள். 2. எதிர்பாராமல் கூடுதலாகக் கிடைப்பது. கெச்சுவா, ஸ்பானியம், பிரெஞ்சு வழி.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்