நெல்லிக்காய் அளவு கட்டி

அன்புள்ள ராசு,

கடிதம் கிடைத்தது. பெங்களூரில் பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாளாமே! மகளிடம் சொல்லிச் சுற்றிப் போடச் சொல் என்கிறாள் கற்பகம்.

தொப்புளுக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவு கட்டி, மூன்று வருடமாக இன்சுலின் ஊசியும் அங்கேதான் என்று எழுதியிருக்கிறாய். வலிக்காத இடமாகப் பார்த்துக் குத்துகிறவன்தானே நீ! பெரும்பாலும் இது கொழுப்புத் தடிப்பாக இருக்கும். அமுக்கினால் மெத்தென்று இருக்கும். கல் மாதிரி கெட்டியாக இருந்தால், போட்ட இன்சுலினே அங்கே நாராகத் திரண்டிருக்கலாம்.

இன்சுலின் 51 அமினோ அமிலம் கோத்த சின்னப் புரதம். தண்ணீரோடு ஒட்டாத பகுதிகளை உள்ளே மடித்து வைத்திருக்கும். குப்பிக்குள் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு ஆறாறாகக் கூடி நிற்கிற வரை பத்திரம். தனியே பிரிந்தது சூட்டிலோ குலுக்கலிலோ கொஞ்சம் அவிழ்ந்தால், தன்னைப் போலவே அவிழ்ந்த இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளும். அப்படியே அடுக்கடுக்காக நீண்டு நாராகும். அமிலாய்டு என்பது இதைத்தான். அல்சைமர் என்கிற மறதி நோயில் மூளையில் படிவதும் இதே மாதிரி அடுக்குதான், புரதம் வேறு. விதை மாதிரி முதல் சின்னத் திரள் உருவாகத்தான் நேரம் எடுக்கும். அதற்குப் பிறகு உறை மோர் விழுந்த பால்தான்.

போன சித்திரையில் நான் அடித்த கூத்தைச் சொல்லவில்லையே. பிளெயின் இன்சுலின் குப்பியை ஸ்கூட்டர் பெட்டிக்குள் போட்டு வத்தலக்குண்டு வரை போய் வந்தேன். மறுநாள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், கண்ணாடியாக இருந்த மருந்து நீர்த்த கஞ்சி மாதிரி மங்கல், அடியில் நூல்நூலாக ஏதோ மிதக்கிறது. காசு கொடுத்து வாங்கியதைக் கொட்ட மனசு வராமல் இரண்டு நாள் அதையே போட்டேன். சுகர் 340!

உன் கட்டி எது என்பது தொட்டுப் பார்த்து மட்டும் உறுதியாகாது. துளி சதை எடுத்து, காங்கோ ரெட் சாயம் ஏற்றி, முனைவுற்ற ஒளியில், அதாவது ஒரே தளத்தில் அதிரும் ஒளியில், மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அமிலாய்டு என்றால் பச்சையாக மின்னும்.

எதுவானாலும் அங்கே போடும் மருந்து சரியாக ரத்தத்தில் சேராது. அதனால்தான் உனக்கு யூனிட் ஏறிக்கொண்டே போயிருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்காக நாளைக்கே இடத்தை மாற்றி அதே 40 யூனிட்டைக் குத்திவிடாதே. நல்ல தோலில் முழுசாக உள்ளே போய் சுகர் தடாலென்று இறங்கிவிடும். ராத்திரி வீட்டில் தனியாக வேறு கிடக்கிறாய். அளவைக் குறைப்பதை டாக்டர் சொல்லட்டும்.

புதன்கிழமை திருச்சி வருகிறேன். சேர்ந்தே போவோம்.

உன்,
மணி