செப்பரேட்டர் பூச்சில் சிக்கனம் வேண்டாம்: செல் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

இந்தியாவில் லித்தியம் அயான் செல் தயாரிக்க இறங்கியிருக்கும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நான் ஒரு பேட்டரி ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். 2021-இல் மத்திய அரசு இதற்கென 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தபோது மனசு நிறைந்துபோனது. இப்போது எதில் விலையைக் குறைக்கலாம் என்று கணக்குப் போடுவீர்கள். நியாயம்தான். செப்பரேட்டரின் மேல்பூச்சில் மட்டும் கை வைத்துவிடாதீர்கள்.

செப்பரேட்டர் என்பது செல்லின் இரண்டு மின்முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் நடுவே நிற்கும், தலைமுடியைவிட மெல்லிய படலம். பெரும்பாலும் பாலிஎத்திலீன். சூடு 130 டிகிரியைத் தாண்டினால் அதன் நுண்துளைகள் உருகி அடைத்துக்கொண்டு அயனிகளைத் தடுக்கும், அதுவரை நல்லது. சூடு அதோடு நிற்காவிட்டால் படலமே சுருங்கும், இரண்டு மின்முனைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும்.

மூன்று துண்டுகளை 150 டிகிரியில் அரைமணி நேரம் வைத்துப் பார்த்தேன். பூச்சில்லாத துண்டு, தீயருகே காட்டிய பாலிதீன் பை மாதிரி சுருண்டுபோயிருந்தது. இருபுறமும் அலுமினா என்ற பீங்கான் தூள் பூசிய துண்டு ஓரத்தில் லேசாக வளைந்ததோடு சரி. மூன்றாவதிலும் அலுமினாதான், ஆனால் பசை சரியில்லை. அதுவும் பாதிக்குமேல் சுருங்கிவிட்டது. விரலால் தடவினால் வெள்ளைத் தூள் ஒட்டியது. 'பூசியது' என்று விவரத்தாளில் ஒரு வார்த்தை இருந்தால் போதாது என்று நான் சொல்வது அதனால்தான்.

பூச்சால் இன்னொரு நன்மையும் உண்டு. வெறும் படலத்தில் ஒரு சொட்டு எலக்ட்ரோலைட், அதாவது செல்லுக்குள் அயனிகளைச் சுமக்கும் திரவம், விட்டால் தயங்கி நிற்கும். பூசியதில் துணியில் விட்ட எண்ணெய்போலப் பரவும். ஆனால் ஈரத்தில் கவனம் வேண்டும். பீங்கான் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சரியாக உலர்த்தாமல் செல்லுக்குள் போனால் அந்த ஈரம் எலக்ட்ரோலைட் உப்போடு வினைபுரிந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு என்ற அரிக்கும் நச்சுப்பொருள் உண்டாகும். அவசரப்பட்டு இந்த உலர்த்தும் வேலையைச் சுருக்காதீர்கள்.

2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றி, ஒரு தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அந்தத் தீக்கு செப்பரேட்டர்மேல் பழி போட நான் வரவில்லை. ஆனால் நீங்கள் செய்யும் செல்லும் அப்படித்தான் யாரோ ஒருவர் வீட்டில், எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

ஒவ்வொரு செப்பரேட்டர் ரோலுக்கும் 150 டிகிரியில் எவ்வளவு சுருங்குகிறது, பூச்சு எவ்வளவு பிடிப்பாக இருக்கிறது, ஈரம் எவ்வளவு என்ற மூன்று எண்களையும் அளந்து, உங்களிடம் செல் வாங்குகிறவர்களுக்குக் கொடுங்கள். முதல் ரோலிலிருந்தே.

அன்புடன்,
ஒரு பேட்டரி ஆய்வாளர்