தராசு தந்த அக்காவுக்கும் துண்டு நீட்டிய அண்ணன்களுக்கும்

வடசென்னையின் காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, கொத்தவால்சாவடி உறவுகளுக்கு வணக்கம்.

தசைப்பிடிப்புக்கு இயன்முறை மருத்துவர்களான நாங்கள் சொல்லித் தரும் மெதுவான நீட்டல் முறையை இன்று பலர் வீட்டில் தனியாகவே செய்கிறார்கள் என்றால், அதற்கு நீங்கள்தான் காரணம். முறை எங்களுடையது அல்ல. செக் நாட்டு மருத்துவர் கரேல் லெவிட் பரப்பியது. அவரும் அமெரிக்க மருத்துவர் டேவிட் சைமன்ஸும் 244 நோயாளிகளிடம் கண்டதை 1984-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். உடம்பில் சிகிச்சை தந்த இடங்களில் 94 சதவீதத்தில் வலி உடனே குறைந்தது. 63 சதவீதத்தில் அந்த நிவாரணம் நீடித்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு அது, ஆகவே அந்த எண்களைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டியதில்லை. எங்களுக்கு முக்கியமாகப் பட்டது வேறு: வீட்டிலும் தாங்களே செய்து வந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் நீடித்தது.

செய்முறை சின்னது. இறுகிய தசையை, லேசான இழுவை தொடங்கும் இடம் வரை கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கிருந்து எதிர்ப்பக்கமாக, ஐந்தில் ஒரு பங்கு பலத்துக்கு மேல் போகாமல், உறுப்பு நகராதபடி 10 விநாடி அழுத்த வேண்டும். பிறகு மூச்சை இழுத்து, விடும்போது தளர்த்தி, 10 முதல் 20 விநாடி சும்மா இருக்க வேண்டும். தசை தானாக இளகும். இளகிய அளவுக்கு மட்டும் நகர்ந்து, அங்கிருந்து மறுபடி. மூன்று முதல் ஐந்து சுற்று போதும்.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் அந்த ஐந்தில் ஒரு பங்கு. மூட்டை தூக்கிப் பழகிய கைக்கு ‘லேசா அழுத்துங்க’ என்றால் என்ன புரியும்? முழு பலத்தோடு அழுத்தினால் பக்கத்துத் தசைகளும் கூடச் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். இளக வேண்டியது இன்னும் பிடித்துக்கொள்ளும். மறுநாள் காலை கழுத்தைத் திருப்ப முடியாது. இதற்கு வழி காட்டியவர் காசிமேட்டில் மீன் விற்கும் அக்கா. எலக்ட்ரானிக் தராசை எங்கள் முன் நகர்த்தி, அதிலேயே அழுத்திப் பார்க்கச் சொன்னார். உள்ளங்கையால் முழு பலத்தில் அழுத்தும்போது 10 கிலோ காட்டினால், உங்கள் அளவு 2 கிலோ. நாலைந்து தடவை அழுத்தினால் கைக்குப் பழகிவிடும். புத்தகத்தில் இல்லாத இந்த அளவுகோலுக்கு அக்காவுக்கு முதல் நன்றி.

எம்.சி. ரோடு பக்கத்துத் தையல் அண்ணன்மார்களுக்கு அடுத்த நன்றி. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் குனிந்தே உட்காருபவர்களுக்குப் பிடரியிலிருந்து தோள்பட்டை வரை இறுகிப்போகும். வலது பக்கம் இறுக்கம் என்றால், வலது கையால் ஸ்டூலின் அடிப்பலகையைப் பிடித்துக்கொண்டு தலையை இடது தோள் பக்கம் சாய்க்க வேண்டும். ஸ்டூலைப் பிடிக்கும் யோசனை உங்களுடையதுதான். பிடிக்காவிட்டால் தோள் தலையோடு சேர்ந்து மேலே ஏறிவிடும், நீட்டல் எங்குமே விழாது. இடது உள்ளங்கை தலைக்கு மேலாகப் போய் வலது காதுக்கு மேலே படியட்டும். அந்தக் கை இழுப்பதற்கு அல்ல, வெறும் தடுப்பு. தலையால் கையை லேசாக அழுத்துங்கள், தளருங்கள், காத்திருங்கள். பல்லைக் கடித்தாலோ மூச்சை அடக்கினாலோ பலம் கூடிப்போய்விட்டது என்று பொருள். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடக்கவே கூடாது.

கத்தரியும் ஊசியும் பிடிக்கும் கைக்கு: முழங்கை நேராக, உள்ளங்கை கீழ்நோக்கி, மணிக்கட்டு தொங்கட்டும். மற்றக் கை புறங்கைமேல். புறங்கையால் மேல்நோக்கி அழுத்தித் தளர்த்துவது, அவ்வளவுதான்.

வலை பின்னும் அண்ணன்களுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில், காலை நீட்டி, பெருவிரலில் வலையை மாட்டி மணிக்கணக்கில் உட்காரும் வேலையில் பின்தொடை கயிறாக முறுக்கும். இதற்கு எங்கள் பாடத்தில் பெல்ட் என்று இருக்கும். நீங்கள் தோளிலிருந்த காசித்துண்டை நீட்டினீர்கள். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு காலை மடக்கி வைத்து, மற்றக் காலைத் துண்டால் தாங்கி உயர்த்த வேண்டும். துண்டு பாதத்தின் முன்பகுதியில் போகக் கூடாது; குதிகாலுக்குச் சற்று மேலே, கணுக்காலுக்குப் பின்னால் சுற்ற வேண்டும். விரல்களை முகத்தை நோக்கி இழுத்தால் காலின் பின்னால் ஓடும் நரம்பும் சேர்ந்து இழுபடும். அப்போது முழங்காலுக்குப் பின்னால் மின்சாரம் மாதிரி சுரீர் என்னும், பாதம் மரத்துப்போகும். அந்த வலியைத் தாங்கித் தாங்கி இழுப்பது வீரம் இல்லை. முழங்காலைச் சற்று மடக்கினால் போய்விடும். பிறகு குதிகாலால் துண்டைக் கீழ்நோக்கி அழுத்தி, வழக்கம்போல் தளர்த்துங்கள்.

நாள் முழுக்க நின்றே விற்பவர்களின் கெண்டைக்காலுக்குச் சுவர் போதும். ஒரு கால் பின்னால், குதிகால் தரையில் ஒட்டியபடி, பாதம் நேராகச் சுவரைப் பார்த்து இருக்கட்டும். வெளியே திருப்பி வைத்தால் உள்ளங்கால் வளைவு சரிந்து, இழுவை கெண்டைக்கு வராது. பாதத்தின் முன்பகுதியால் தரையை அழுத்தி, விட்டு, சுவர் பக்கம் சாயுங்கள். முழங்கால் நேராக இருந்தால் மேல்தசை நீளும். மடக்கினால் அதற்கு உள்ளே இருக்கும் தசை. இரண்டும் தேவை.

‘இன்னாபா, இம்புட்டுதானா? தடவிக் குடுத்தா மாதிரி கீது’ என்று கேட்ட லோடுமேன் அண்ணன்களுக்குத் தனி நன்றி. அந்தக் கேள்வி எங்களைத் திரும்பப் படிக்க வைத்தது. அழுத்திவிட்ட தசை அதன்பின் தானே ஓய்ந்துவிடுகிறது என்றுதான் முன்பு விளக்கம் சொல்வார்கள். இன்று வலுவாக நிற்கும் விளக்கம் வேறு: ஓரிரு நாளில் தசை நீளமாகிவிடுவதில்லை, ‘இதுவரைக்கும் வந்தால் ஆபத்தில்லை’ என்று நரம்பு மண்டலம் கூடுதல் இழுவைக்குச் சம்மதிக்கிறது. முரட்டு இழுப்புக்கு அது சம்மதிக்காது, எதிர்த்துப் பிடிக்கும். எப்போது செய்வது என்பதும் உங்களிடமிருந்து வந்த கேள்வி. லோடு ஏற்றும் முன் நீண்ட நேரம் இழுத்து நிறுத்தினால் பலம் கொஞ்ச நேரத்துக்குக் குறையலாம். முன்னால் கைகால் வீசிச் சூடேற்றிக்கொள்ளுங்கள். நீட்டல் வேலை முடிந்து, உடம்பு சூடு ஆறும் முன்.

மாலை நேரங்களில் இடம் தந்த கேரம் கிளப் தம்பிகளுக்கும், பாய் கொண்டுவந்த பிள்ளைகளுக்கும் நன்றி.

கீழுள்ளவை இருந்தால் மட்டும் எங்களிடமே வர வேண்டாம், நேரே ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்: ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பது (ரத்தக்கட்டி ஆக இருக்கலாம், நீவவோ நீட்டவோ கூடாது), காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, கழுத்தைத் திருப்பும்போது தலை சுற்றிப் பார்வை இரட்டையாவது, விழுந்தபின் வரும் கழுத்து வலி. கை மரத்துப் பிடி தளர்ந்தால் நீட்டலை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நன்றியுடன்,
வடசென்னை இயன்முறை மருத்துவர்கள் சிலர்