மீனுக்கு வால் ஒன்றுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு மீன் படம் போட்டு, அதன் கீழே 'கழிமுகத்தில் தூண்டிலில் சிக்கிய மூன்று வால் அதிசய மீன், இதுவரை யாரும் கண்டதில்லை' என்று எழுதியிருந்தீர்கள். யாரும் என்றால் யார்? 1790ஆம் ஆண்டிலேயே பிளாக் என்ற ஜெர்மானியர் விவரித்து, சூரினாம் நாட்டை வைத்துப் பெயர் சூட்டிய மீன் அது. இன்றைய அறிவியல் பெயர் லோபோடெஸ் சுரினாமென்சிஸ். உலகின் வெப்பக் கடல்களில் பெரும்பாலானவற்றில் இருக்கிறது, கழிமுகத்துக்குள்ளும் வரும். ஆங்கிலத்தில் ட்ரிபிள்டெய்ல் என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கும் வால் ஒன்றுதான் என்று தெரியும். முதுகுத் துடுப்பின் பின்பகுதியும் அடித்துடுப்பின் பின்பகுதியும் உருண்டையாக வளர்ந்து வாலுக்கு மேலும் கீழும் நீட்டிக்கொண்டிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் மூன்று வால் போல இருக்கும். உங்கள் நிருபர் எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

நீங்கள் அறியாதது அல்ல, ஆனாலும் சொல்கிறேன். எனக்கும் இந்த மீனுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பதினொரு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், ஓதம் வடிந்துகொண்டிருந்தது. ஒரு மிதவைக்குப் பக்கத்தில் ஊறிப்போன பலகைத் துண்டு மாதிரி ஏதோ ஒருக்களித்துக் கிடந்தது. இறாலைக் கோத்து அந்தப் பக்கம் வீசினேன். பலகை திரும்பி நிமிர்ந்து வந்து இரையை வாங்கிக்கொண்டது. மேலே இழுத்தபோது கருப்பும் பழுப்புமாக, கனமாக, துடுப்புகளை எல்லாம் மடக்கிக்கொண்டு வந்தது. களவா மீன் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல் பத்துப் பேரிடம் சொல்லியும் விட்டேன்.

அப்புறம்தான் சந்தேகம். களவாவுக்கு மேலண்ணத்தில் பல் இருக்கும். விரலை விட்டுப் பார்த்தேன், வழவழவென்றிருந்தது. கண் மூக்குக்கு மிக அருகில் இருந்தது, அதற்கு மேலே நெற்றி குழிந்து ஏறியது. இவ்வளவும் கையில் இருந்தும் நான் செய்தது என்ன தெரியுமா? மீனை மார்போடு அணைத்து, கட்டைவிரலால் செவுள் மூடியை மறைத்துக்கொண்டு படம் எடுத்து, மீன்களை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு அனுப்பினேன். நான்கு மாதம் கழித்து 'படம் போதாது' என்று இரண்டே சொல்லில் பதில் வந்தது. கோபப்பட்டேன். ஆனால் படம் போதாதுதான். அதற்குள் மீனும் இல்லை, நிறமும் இல்லை. செத்த மீன் கொஞ்ச நேரத்திலேயே வெளுத்தோ கறுத்தோ போய்விடும், இந்த மீன் உயிரோடு இருக்கும்போதே நிறம் மாறக்கூடியது வேறு.

அந்தத் தப்பை நான் ஒரு தடவை செய்தேன். உங்கள் இதழ் மாதம் தவறாமல் செய்கிறது. போன வருடம் 'வலையில் கடல்பாம்பு' என்று ஒரு படம் போட்டீர்களே, அதன் முதுகு நெடுக துடுப்பு இருந்தது, கழுத்தருகே செவுள் துளை இருந்தது. கடல்பாம்புக்கு இரண்டும் கிடையாது, வால் மட்டும் துடுப்புக்கட்டை போலத் தட்டையாக இருக்கும். அது விலாங்கு வகை மீன். சிறுவர் பக்கத்தில் பேத்தை மீனை 'தொட்டால் ஊதும் வேடிக்கை மீன்' என்றீர்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது, ஆளைக் கொல்லும் என்று ஒரு வரி சேர்க்க இடமில்லை போலும். கெளுத்தி முள் குத்தினால் ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தீர்கள். உங்களை நம்பி வைத்துப் பார்த்தவன் நான். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை முக்கிய பிறகுதான் வலி இறங்கியது. அந்த நஞ்சு புரதம், சூட்டில்தான் கெடும்.

இதையெல்லாம் அப்போதே எழுதினேன். ஒரு கடிதத்தை மட்டும் ஐந்து வரியாக வெட்டிப் போட்டீர்கள், நன்றி. அதிலும் நான் துடுப்பைத் தாங்கும் மெல்லிய குச்சிகளைத் 'துடுப்புக் கதிர்கள்' என்று எழுதியதை யாரோ 'துடுப்பு போன்ற கதிர்கள்' என்று திருத்தியிருந்தார். மீன் வெளிச்சம் வீசுகிறது என்று நினைத்துவிட்டார் போல.

1938 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில், சலும்னா ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் கடலில் ஒரு நீல மீன் வலையில் வந்தது. அருங்காட்சியகத்தில் வேலை பார்த்த மார்ஜரி கோர்ட்னே லாட்டிமர் அதைக் கையால் வரைந்து, விவரம் எழுதி மீனியல் அறிஞர் ஜே.எல்.பி. ஸ்மித்துக்கு அனுப்பினார். எப்போதோ அழிந்துபோனதாக நினைத்த சீலகாந்த் என்ற பழங்கால மீன் அது என்று அந்தக் கோட்டோவியத்திலிருந்தே அவருக்குத் தட்டியது. செவுளையும் எலும்புக்கூட்டையும் காப்பாற்றச் சொல்லி அவர் தந்தி அடித்தபோது, பாவம், உள்ளுறுப்புகள் கைவிட்டுப் போயிருந்தன. கேமரா இல்லாத குறையால் அல்ல, எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒரு பென்சிலால் நடந்த காரியம் அது. உங்கள் வாசகர்கள் எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, மீனைவிட மீசைதான் தெளிவாக விழுகிறது.

சரி, நான் கேட்பது சின்ன விஷயம். 'படங்கள் வரவேற்கப்படுகின்றன' என்று போடுகிறீர்களே, அதற்குக் கீழே மூன்று வரி சேருங்கள். மீனைத் தட்டையான இடத்தில் தலை இடப்பக்கம் வரப் படுக்க வைத்து, துடுப்புகளை விரித்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, நிறம் மாறுவதற்குள் எடுக்கச் சொல்லுங்கள். வாயைத் திறந்து ஒரு படம், முதுகுத் துடுப்பின் முட்களையும் மென்கதிர்களையும் எண்ணிவிடும்படி ஒரு படம். பிடித்த இடத்தில் தண்ணீர் உப்பா நன்னீரா என்று ஒரு குறிப்பு. திரும்ப விடுகிறவர்கள் ஈரக்கையோடு சீக்கிரம் முடித்துவிடட்டும். மூன்று வால் விஷயத்துக்கு அடுத்த இதழில் ஒரு திருத்தமும் போடுங்கள், கடைசிப் பக்கத்தின் மூலையில் இருந்தாலும் போதும்.

இந்தக் கடிதம் நீளம் என்று எனக்கே தெரிகிறது. வெட்டுவதானால் என் கோபத்தை வெட்டிக்கொள்ளுங்கள். கதிர்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்