முகமூடிக்கு உடம்பும் உண்டு

ஓவியக் கல்லூரிகளில் கலை வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும்,

வணக்கம். நானும் உங்கள் வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவன்தான். ஆப்பிரிக்க முகமூடிகளைப் பற்றி நாங்கள் படித்தது மொத்தமே ஒரு ஸ்லைடு. இடப்பக்கம் ஒரு மரமுகம், வலப்பக்கம் பிக்காசோவின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியம். 1907இல் பாரிஸின் த்ரோகாதேரோ அருங்காட்சியகத்துக்குப் போனார், ஆப்பிரிக்க முகமூடிகளைப் பார்த்தார், கியூபிசம் என்ற நவீன ஓவியப் பாணி பிறந்தது. பத்து மதிப்பெண். எழுதினேன், வாங்கினேன். இடப்பக்கத்து முகம் எந்த ஊரில் ஆடியது என்று எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

சிக்கலில் பாதி நம் சொல்லிலேயே இருக்கிறது. செய்தித்தாளில் 'முகமூடி' வந்தால் பின்னாலேயே கொள்ளையர்களும் வந்துவிடுவார்கள். சியரா லியோனின் மெண்டே மக்களிடம் போய் இந்த அர்த்தத்தைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுடைய சோவெய் என்ற முகமூடி, சாண்டே என்ற பெண்கள் சங்கத்தின் ஆவி ஊருக்குள் வருகிற வடிவம். செதுக்குபவர் ஆண், அணிந்து ஆடுபவர் பெண். மர முகமூடியைப் பெரும்பாலும் ஆண்களே அணிகிற கண்டத்தில் இது அபூர்வம். பளபளக்கும் கறுப்பு, அகன்ற நெற்றி, தாழ்ந்த கண்கள், மடிப்பு மடிப்பாகக் கழுத்து, சின்னஞ்சிறு வாய். அளந்து பேசுகிறவள் என்பதற்குத்தான் அந்த வாய். கீழே உடலையே மறைக்கும் கறுப்பு நார் உடை. அருங்காட்சியகப் பெட்டிக்குள் வந்து சேரும்போது நார் இல்லை, பாட்டு இல்லை, பெண்ணும் இல்லை. மரம் மட்டும் மிச்சம். (சாண்டே சடங்குகளில் பெண்ணுறுப்புச் சிதைப்பும் உண்டு. அதை மறைத்துவிட்டு அழகை மட்டும் பாடமாக்கச் சொல்லவில்லை.)

மாலியின் பம்பாரா உழவர்களுடைய சிவாரா என்ற முகமூடியோ முகத்தை மூடுவதே இல்லை. பின்னிய தொப்பியின் மேல் மான் உருவமாக உச்சந்தலையில் நிற்கும். ஆணும் பெண்ணுமாக ஜோடி. ஆடுகிறவர்கள் கோலூன்றிக் குனிந்து ஆடுவார்கள். மனிதனுக்கு உழவு கற்றுக்கொடுத்த தொல்லுயிரின் பெயர் அது. நன்றாக உழுகிறவனைப் பாராட்டும் சொல்லும் அதுவே. மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா மக்களுடைய கெலெடே முகமூடியும் தலைமேல்தான். தாய்மாரின் ஆற்றலைப் போற்ற ஆடுவது, கூடவே ஊரைக் கிண்டலும் செய்யும். உச்சியில் மோட்டார் சைக்கிள் செதுக்கிய கெலெடேகூட உண்டு. 'தொன்மையான, மாறாத மரபு' என்று குறிப்பெடுக்கச் சொன்னீர்களே, அந்த மோட்டார் சைக்கிளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிக்காசோவை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அவரைச் சொல்வதையும் ஒழுங்காகச் சொல்லுங்கள் என்கிறேன். அவரிடம் மேற்கு ஆப்பிரிக்கக் கிரெபோ மக்களின் முகமூடி இருந்தது. அதில் கண்கள் உருளைகளாக முன்னால் துருத்தி நிற்கும். 1912இல் அவர் அட்டையில் செய்த கித்தாரைப் பாருங்கள்: துளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. இந்தத் தொடர்பை எழுதி வைத்தவர், அவருடைய படங்களை விற்ற கான்வைலர். பள்ளத்தை மேடாகக் காட்டினாலும் பார்ப்பவர் அதைக் கண் என்றே புரிந்துகொள்வார் என்று கிரெபோ சிற்பி ஒருவர் முன்பே யோசித்துவிட்டார். பிக்காசோ எடுத்துக்கொண்டது அந்த யோசனையை. ஸ்லைடில் இருந்ததோ 'பழங்குடி வடிவங்களின் தாக்கம்' என்ற மூன்று சொற்கள்.

1984இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் இப்படித்தான் முகமூடிகளை நவீனப் படைப்புகளுக்குப் பக்கத்தில் வைத்தது. காலமும் செய்தவர் பெயரும் இல்லாமல் வைத்ததற்காக வாங்கிக் கட்டிக்கொண்டது. நம் ஸ்லைடு அதன் ஜெராக்ஸ்.

அடுத்த ஆண்டு வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் ஒரே ஒரு முகமூடி, அது ஆடுகிற வீடியோவோடு, ஒரு முழு வகுப்புக்கு. அப்புறம் பாரிஸ். அப்புறம் பெனின் நாட்டுக் கலைஞர் ரொமுவால்ட் ஹசூமே. கள்ளப் பெட்ரோல் சுமக்கும் பிளாஸ்டிக் கேன்களில் முகமூடி செய்கிறார் அவர். கைப்பிடி மூக்கு, ஊற்றும் துவாரம் வாய்.

வினாத்தாளில் 'தாக்கம்' கேள்வியை எடுத்துவிட்டு, கிரெபோ சிற்பி கண்ணை ஏன் வெளியே நீட்டினார் என்று கேளுங்கள். பத்து வேண்டாம், ஐந்து மதிப்பெண் போதும்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்